பொதுப் பொருளாதாரம் படிக்கப் போகிறீர்களா? ரேஷன் அட்டையிலிருந்து தொடங்குங்கள்

கல்லூரியில் பொருளாதாரம் சேர்ந்த முதல் வருடம், எங்கள் தெரு ரேஷன் கடையிலிருந்து அரிசிப் பையோடு வந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார். "இதுக்குக் காசு வாங்கலையே, அப்ப இந்தக் காசை யாருடா கட்டுறா?" அந்த வாரம்தான் தேர்வில் வரைபடமெல்லாம் போட்டு நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஆனால் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்ல வரவில்லை. பொதுப் பொருளாதாரம் என்பது அந்தக் கேள்விதான் என்று எனக்கு விளங்க இன்னும் இரண்டு வருடம் ஆனது. நீங்கள் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சந்தை என்று ஒன்று இருக்கிறது. வாங்குபவரும் விற்பவரும் விலை பேசி முடித்துக்கொள்கிறார்கள். அதற்குள் அரசு எங்கே, எதற்காக, யார் காசில் நுழைகிறது, நுழைந்தபின் என்ன மாறுகிறது என்று பார்ப்பதே இந்தப் படிப்பு. ரிச்சர்ட் மஸ்கிரேவ் என்ற பொருளாதார அறிஞர் 1959இல் அரசின் வேலையை மூன்றாகப் பிரித்தார்: வளங்களை ஒதுக்குவது, வருமானத்தைப் பகிர்வது, பொருளாதாரம் ஆட்டம் காணும்போது நிலைநிறுத்துவது. எந்தப் பாடநூலைத் திறந்தாலும் இந்த மூன்றும் முதல் அத்தியாயத்தில் வரும். மனப்பாடம் செய்ய வேண்டாம். கீழே உள்ளதைச் செய்துகொண்டே போனால் தானாக மனதில் நின்றுவிடும்.

முதல் படி: அட்டையை எடுத்துப் பாருங்கள்

உங்கள் வீட்டு ஸ்மார்ட் கார்டில் ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். பி.எச்.எச். என்றால் முன்னுரிமைக் குடும்பம். அதோடு ஏ.ஏ.ஒய். சேர்ந்திருந்தால் அந்தியோதயா, அதாவது மிக வறிய குடும்பம். என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமை இல்லாத குடும்பம். அதன் பின்னால் 'எஸ்' இருந்தால் அரிசிக்குப் பதில் சர்க்கரை வாங்கும் அட்டை. 'என்.சி.' இருந்தால் எந்தப் பொருளும் வேண்டாம் என்றவர்களின் அட்டை. இந்த நான்கைந்து எழுத்துக்குள் பொதுப் பொருளாதாரத்தின் பெரிய விவாதம் ஒன்று அடங்கியிருக்கிறது.

1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தது. தமிழ்நாடு அப்படிப் பிரிக்க மறுத்து, அரிசி அட்டை உள்ள எல்லோருக்கும் ஒரே விலை என்று வைத்துக்கொண்டது. 2011 ஜூனிலிருந்து அந்த அரிசிக்கு விலையே இல்லை. சரி, வசதியானவருக்கும் ஏன் கொடுக்க வேண்டும்?

இங்கே இரண்டு விதப் பிழைகளைப் புரிந்துகொள்ள வேண்டும். தேவையில்லாதவரைச் சேர்த்துவிடுவது ஒன்று. தேவைப்படுபவரை விட்டுவிடுவது இன்னொன்று. ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது கூடும். சல்லடைக் கண்ணைச் சிறிதாக்கினால் கல்லோடு அரிசியும் நின்றுவிடுகிற கதைதான். எல்லோருக்கும் கொடுத்தால் செலவு கூடும், ஆனால் ஏழை விட்டுப்போகமாட்டார். அதோடு, வசதியானவர் வரிசையில் நிற்க விரும்பாமல் சர்க்கரை அட்டைக்கு மாறித் தாமாகவே விலகிக்கொள்ளவும் வழி இருக்கிறது. அந்த 'எஸ்' எழுத்து அதற்குத்தான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை வைத்துப் பாருங்கள். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது, மாதம் 1,000 ரூபாய். தொடக்கத்தில் ஏறக்குறைய 1 கோடியே 6 லட்சம் பேருக்குக் கிடைத்தது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நிலம் நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று வரம்பு வைத்தார்கள். 3,550 யூனிட் ஓடிய வீட்டுக்குப் பணம் வரும், 3,650 ஓடிய வீட்டுக்கு வராது. இரண்டு வீட்டுக்கும் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, உங்களுக்குத் தெரிந்த பத்து வீடுகளை எழுதி, இந்த வரம்புகளைப் போட்டுப் பாருங்கள். எத்தனை பேர் தவறாக உள்ளே வருகிறார்கள், எத்தனை பேர் தவறாக வெளியே நிற்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். படிக்கும் காலத்திலாவது 'இலவசம்' என்ற சொல்லை ஒதுக்கி வையுங்கள். ஆதரிப்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் அந்தச் சொல் யோசிக்கிற வேலையை மிச்சப்படுத்திவிடுகிறது. அதற்குப் பதில் எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். அரசு இறங்காவிட்டால் என்ன நடந்திருக்கும்? செலவு கடைசியில் யார் தலையில் விழுகிறது? பலன் யாருக்குப் போகிறது, யார் விட்டுப்போகிறார்கள்? திட்டம் வந்தபின் மக்கள் நடந்துகொள்ளும் விதம் எப்படி மாறியது? இந்தக் கட்டுரையின் மீதி முழுவதும் இந்த நான்குதான்.

இரண்டாம் படி: சந்தை எங்கே தவறுகிறது என்று ஊரிலேயே தேடுங்கள்

முதலில் 'பொதுப் பண்டம்' என்ற சொல்லில் தடுமாறாதீர்கள். அரசு கொடுப்பதெல்லாம் பொதுப் பண்டம் அல்ல. பால் சாமுவேல்சன் 1954இல் வகுத்த இலக்கணத்தின் மையம் இதுதான்: நான் அனுபவிப்பதால் உங்களுக்குக் குறையக் கூடாது. காசு கட்டாதவரை விலக்கி வைக்கவும் முடியாது என்பதைப் பாடநூல்கள் இதோடு சேர்த்துச் சொல்லும். தெருவிளக்கு அப்படி. ரேஷன் அரிசி அப்படி இல்லை, நான் சாப்பிட்ட சோற்றை நீங்கள் சாப்பிட முடியாது. அரசு மருத்துவமனைக் கட்டிலும் அப்படி இல்லை. அரிசியை அரசு கொடுப்பதற்குக் காரணம் பகிர்வு, தெருவிளக்கைப் போடுவதற்குக் காரணம் ஒதுக்கீடு. மஸ்கிரேவின் முதல் இரண்டு வேலைகள் இப்போது பிடிபட்டிருக்கும். மூன்றாவதற்கு 2020ஐ நினைத்துப் பாருங்கள். ஊரடங்கில் வேலை நின்றபோது அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தார்களே, அது அந்த வகை.

அடுத்தது புறவிளைவு, அதாவது ஒரு பேரத்தின் விளைவு அந்தப் பேரத்தில் இல்லாதவர் மேல் விழுவது. இதைப் படிக்க நொய்யலைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் கழிவுநீரை ஆற்றில் விட்டன. கீழே ஒரத்துப்பாளையம் அணை அந்தத் தண்ணீரைத் தேக்கியது. பாசனத்துக்கென்று கட்டிய அணையைச் சுற்றியிருந்த கிணறுகளும் நிலமும் உப்பேறிக் கெட்டன. இப்போது ஒரு பனியனின் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். நூல், சாயம், கூலி, மின்சாரம், லாபம் எல்லாம் அதில் இருந்தது. கீழ்ப்பகுதி விவசாயி இழந்த விளைச்சல் அதில் இல்லை. பனியனை வாங்கியவரும் விற்றவரும் திருப்தியாகத்தான் பிரிந்தார்கள், பேரத்தில் இல்லாத மூன்றாவது ஆள் நஷ்டத்தைச் சுமந்தார். விலை பொய் சொல்கிறது என்று இதைத்தான் சொல்வேன்.

என்ன செய்யலாம்? ஆர்தர் பிகு 1920இல் சொன்ன வழி, அந்த நஷ்டத்தின் அளவுக்கு வரி போட்டு விலையைச் சரியாக்குவது. ரொனால்டு கோஸ் 1960இல் வேறொரு கோணம் வைத்தார். உரிமை யாருக்கு என்று தெளிவாக இருந்து, பேசி முடிக்கச் செலவும் ஆகாது என்றால், இரு தரப்பும் தாமே தீர்வுக்கு வந்துவிடலாம். நூற்றுக்கணக்கான பட்டறைகளும் பல கிராமத்து விவசாயிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவது எப்படி? நொய்யலில் நடந்தது மூன்றாவது வழி. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு இருந்தால்தான் திறக்கலாம் என்றானது. அந்தச் சுத்திகரிப்புச் செலவு அதன்பின் பனியன் கணக்குக்குள் வந்தது. வரி, பேரம், தடை மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்து, எதில் யாருக்கு எவ்வளவு செலவு என்று எழுதிப் பாருங்கள். இந்த ஒரு பயிற்சி அரைப் பருவப் பாடத்துக்குச் சமம்.

தகவல் ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் சந்தை தவறுவதும் உண்டு. மருத்துவர் எழுதிய பரிசோதனை தேவையா என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? ஏகபோகத்தால் தவறுவதும் உண்டு. இவை இரண்டும் நுண்பொருளியல் பாடத்திலேயே வந்துவிடும் என்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்றாம் படி: வரி யார் தலையில் விழுகிறது என்று கணக்குப் போடுங்கள்

பலர் விட்டுவிடும் படி இது. வரியைக் கட்டுபவர் ஒருவர், சுமப்பவர் இன்னொருவர் என்பதை ஒரு முறையாவது கையால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு இளநீர்க் கடையைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு காய் 40 ரூபாய், நாளைக்கு 100 காய் விற்கிறது. காய்க்கு 10 ரூபாய் வரி வருகிறது. 50 ரூபாய் சொன்னால் மூன்றில் ஒருவர் மோருக்குப் போய்விடுவார் என்று கடைக்காரருக்குத் தெரியும். அதனால் 46 ரூபாய்க்கு விற்கிறார். வரி போக அவர் கையில் 36. விற்பது 80 காய். ஆக, கடைக்காரர் 'கட்டிய' 10 ரூபாயில் 6 ரூபாய் வாங்குபவருடையது, 4 ரூபாய்தான் அவருடையது. யாரால் எளிதாக விலகிப்போக முடியாதோ அவர் தலையில் அதிகம் விழும். உப்புக்கு வரி போட்டால் கிட்டத்தட்ட முழுவதும் வாங்குபவருக்கே, ஏனென்றால் உப்புக்கு மாற்று இல்லை.

அரசுக்கு வந்தது 80 காய்க்கு 800 ரூபாய். ஆனால் 20 காய் விற்காமல் போனது. அதனால் வாங்குபவரும் விற்பவரும் இழந்த பலன் யாருக்கும் போய்ச் சேரவில்லை, காற்றில் போய்விட்டது. வரைபடத்தில் இது ஒரு முக்கோணம், அதன் பரப்பு ½ × 10 × 20 = 100 ரூபாய். இதற்குப் பெயர் மிகைச் சுமை. இப்போது வரியை 20 ஆக்குங்கள். விலை 52, கடைக்காரர் கையில் 32, விற்பது 60 காய். வருவாய் 1,200 ரூபாய். காற்றில் போனது ½ × 20 × 40 = 400. வரி இரண்டு மடங்கு, வருவாய் ஒன்றரை மடங்கு, இழப்பு நான்கு மடங்கு. விகிதத்தைக் குறைத்துப் பரவலாக வரி போடு என்று பொருளாதார ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்தப் பெருக்கல்தான் காரணம்.

இதைப் படித்தபோது எனக்குப் பிசிராந்தையார் நினைவுக்கு வந்தார். பாண்டியன் அறிவுடை நம்பிக்கு அவர் பாடியது புறநானூற்றில் 184ஆம் பாட்டு. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் சிறு நிலமே யானைக்குப் பல நாள் போதும். யானையைத் தனியே வயலுக்குள் விட்டால், நூறு வயல் இருந்தாலும், அதன் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவது அதிகம். வாய்க்குள் போவது வரி வருவாய், காலில் மிதிபடுவது மிகைச் சுமை. தமிழில் படிப்பவர்களுக்கு இந்தக் கருத்தை விளக்க இதைவிடப் பொருத்தமான படம் கிடையாது, எந்த வகுப்பிலும் தயங்காமல் சொல்லுங்கள்.

வீட்டிலேயே செய்ய ஒரு சோதனையும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பற்பசை, சோப்பு, ஷாம்பு மீதான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வரி சேர்த்து 118 ரூபாய் விற்ற பொருள், குறைப்பு முழுவதும் நமக்கு வந்தால் 105 ரூபாய்க்கு வர வேண்டும். குளியலறை மூலையில் பழைய உறை கிடந்தால் எடுத்து, புதியதன் பக்கத்தில் வைத்து எம்.ஆர்.பி.யைப் பாருங்கள். கிராம் அளவையும் பார்க்க மறக்காதீர்கள், விலை அங்கேயும் ஒளிந்திருக்கும்.

நான்காம் படி: பட்ஜெட்டை உரையில் தேடாதீர்கள், அட்டவணையில் தேடுங்கள்

பட்ஜெட் நாளில் தொலைக்காட்சியில் வருவது அறிவிப்புகள். நமக்கு வேண்டியது ஆவணங்கள். மாநில நிதித்துறை இணையதளத்தில் எல்லாம் கிடைக்கும். முதலில் சிறிய தொகுப்பான 'பட்ஜெட் சுருக்கம்' போதும். துறைவாரியான மானியக் கோரிக்கைகளை அப்புறம் தொடலாம்.

எந்த அட்டவணையிலும் மூன்று வித எண் இருக்கும்: இந்த வருடம் போட்டிருக்கும் மதிப்பீடு, போன வருடத்துக்குத் திருத்திய மதிப்பீடு, அதற்கு முந்தைய வருடத்தின் உண்மையான கணக்கு. மதிப்பீட்டையும் கணக்கையும் ஒப்பிடாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒரு துறைக்கு ஒதுக்கியது வேறு, செலவானது வேறு. இதில் ஏமாறாத மாணவரை நான் பார்த்ததில்லை.

2025-26க்கான தமிழ்நாட்டு மதிப்பீட்டை எடுத்துக்கொள்வோம். வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய். அதில் மாநிலத்தின் சொந்த வரி 2,20,895 கோடி, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 67. மத்திய வரிப் பங்கு 58,022 கோடி. வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. கழித்தால் வரும் 41,635 கோடிதான் வருவாய்ப் பற்றாக்குறை. நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடி, இது அந்த வருடம் வாங்க வேண்டிய கடனைக் காட்டுகிறது. இரண்டையும் வகுத்துப் பாருங்கள். கடன் வாங்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 39 ரூபாய் அன்றாடச் செலவுக்குப் போகிறது. வீடு கட்டக் கடன் வாங்குவதும் மளிகைக்குக் கடன் வாங்குவதும் ஒன்றல்ல என்று நம் வீட்டில் சொல்வார்களே, அந்த வித்தியாசத்தை அளக்கும் எண் இது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆசிரியர் சம்பளமும் வருவாய்ச் செலவில்தான் வருகிறது. கணக்கில் அது அன்றாடச் செலவு, உண்மையில் நாளைய தலைமுறைக்கான முதலீடு. அதனால் இந்த 39ஐ வைத்து உடனே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

மத்திய அரசோடு பங்குபோடும் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். அரசியலமைப்பின் 280ஆவது பிரிவின்படி நிதிக்குழு அமைகிறது. 2021-26க்கான 15ஆவது நிதிக்குழு, பகிரத்தக்க மத்திய வரியில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்கு என்றது. அந்த 41இல் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். ஆக, அந்த வருடங்களில் பகிரும் தொகுப்பில் இருந்த 100 ரூபாயில் தமிழ்நாட்டுக்கு வந்தது 1 ரூபாய் 67 காசு. பங்கை முடிவு செய்ததில் 45 சதவீத எடை 'வருமான இடைவெளி'க்கு, அதாவது ஏழை மாநிலத்துக்கு அதிகம் என்ற விதிக்கு. மக்கள்தொகைக்கும் பரப்பளவுக்கும் 15, 15. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கு 12.5, காடுகளுக்கு 10, வரி திரட்டும் முயற்சிக்கு வெறும் 2.5. நன்றாகச் செய்த மாநிலத்துக்கு இது நியாயமா, ஏழை மாநிலத்துக் குழந்தைக்கு வேறு எப்படித்தான் பணம் போகும்? எனக்கு 2.5 மிகக் குறைவு என்று படுகிறது. நீங்கள் அந்த ஆறு எடைகளை மாற்றி உங்கள் சொந்த விதியை எழுதிப் பாருங்கள். குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று வசூலிக்கும் செஸ், வரிக்கு மேல் போடும் கூடுதல் வரி இரண்டும் இந்தப் பங்குக்குள் வருவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: அரசும் தவறும்

சந்தைத் தோல்வியை மட்டும் படித்துவிட்டு நிறுத்தினால் பாதிப் படிப்புதான். அரசு நடத்துபவர்களும் மனிதர்கள், அவர்களுக்கும் தேர்தல், பதவி, வருவாய் என்று தேவைகள் உண்டு. இந்தக் கோணத்தை வளர்த்ததற்காக ஜேம்ஸ் புக்கானன் 1986இல் நோபல் பெற்றார்.

மதுவை எடுத்துக்கொள்ளுங்கள். குடிப்பவரின் குடும்பமும் சாலையில் போகிறவரும் நஷ்டம் சுமப்பதால் அதற்குக் கனமாக வரி போடுவதில் நியாயம் இருக்கிறது. 2003இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. 2023-24இல் மதுவால் வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். குடியைக் குறைக்கப் போட்ட வரி இவ்வளவு கொண்டுவரும்போது, குடி குறைந்தால் பட்ஜெட்டில் பள்ளம் விழும். குறைக்க வேண்டியவரும் விற்க வேண்டியவரும் ஒருவராகவே ஆகிவிடுகிறார். இது எந்தக் கட்சி ஆண்டாலும் மாறாத சிக்கல். படிக்கிறவர் பார்க்க வேண்டியது இந்த அமைப்பைத்தான்.

பம்புசெட்டுக்குக் கட்டணமில்லா மின்சாரமும் இப்படி ஒரு பாடம். விவசாயிக்கு அது உயிர்நாடி, மறுக்கவில்லை. ஆனால் இன்னும் ஒரு மணி நேரம் மோட்டார் ஓட்டக் காசு ஆகாது என்றால் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகும். போர் ஆழப்படுத்த முடியாத சிறு விவசாயியின் கிணறுதான் முதலில் வற்றும். உதவ நினைத்த ஆளையே திட்டம் திரும்ப வந்து தாக்குகிறது. நான்காவது கேள்வியை ஏன் கேட்கச் சொன்னேன் என்று இப்போது புரியும்.

சந்தை, அரசு என்று இரண்டே வழிதானா என்றும் கேளுங்கள். ஊர் கூடி ஏரியைத் தூர்வாரிய குடிமராமத்து, சோழர் கால உத்திரமேரூர்க் கல்வெட்டில் வரும் ஏரி வாரியம் எல்லாம் மூன்றாவது வழி. இத்தகைய ஏற்பாடுகள் எப்போது நிலைக்கின்றன என்று ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் 2009இல் நோபல் பெற்றார்.

எதை வைத்துப் படிப்பது

தமிழ்நாடு பாடநூலில் 12ஆம் வகுப்புப் பொருளியல், தமிழிலேயே இலவசமாகத் தரவிறக்கலாம். நிதிப் பொருளியல் பாடத்தை இரண்டு முறை வாசியுங்கள். கணிதம் பயமாக இருந்தால் கவலை வேண்டாம். வளைகோட்டின் சாய்வு, முக்கோணத்தின் பரப்பு இரண்டும் தெரிந்தால் முதல் வருடம் ஓடிவிடும். அதன்பின் வகைநுண்கணிதம் வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு திட்டம் உண்மையில் எப்படி நடந்தது என்று அறியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகள் நல்ல துணை.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு நகரத்து மாணவருக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். ஊராட்சியின் வரவு செலவு அங்கே வாசிக்கப்படும். நோட்டுப் புத்தகத்தோடு போய் முன்வரிசையில் உட்காருங்கள். வீட்டு வரி எவ்வளவு வசூலானது, தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் மின்கட்டணம் எவ்வளவு ஆனது என்ற மூன்று எண்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் அதே மூன்றையும் மறுபடி குறித்து, ஏதாவது ஒன்று பெரிதாக மாறியிருந்தால் எழுந்து காரணம் கேளுங்கள்.